சிங்கப்பூர் பூமலை: பேக்கேஜில் அரை மணி நேரம் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்கு டிராவல்ஸ்காரர்கள் எழுதித் தருகிற அட்டவணையை எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். மெர்லயன் சிலை, செந்தோசா, யுனிவர்சல் ஸ்டுடியோ, முஸ்தபா கடை, நடுவில் ஒரே ஒரு வரியாக, பூமலை என்கிற பெரிய தோட்டத்துக்குள் இருக்கிற ஆர்க்கிட் கார்டன். அந்த வரிக்கு ஒதுக்குவது அரை மணி நேரம், போனால் போகிறதென்று முக்கால் மணி. பஸ்ஸிலிருந்து இறங்கி, பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, எல்லோரும் வந்தாச்சா என்று தலை எண்ணிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். ஊருக்குத் திரும்பி வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் "பூவெல்லாம் நல்லா இருந்துச்சு" என்பார்கள், அதற்கு மேல் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இருக்காது, அவர்கள் பார்த்ததே அவ்வளவுதானே.

இந்தத் தோட்டத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது கொடுக்கவேண்டும். பணம் கொடுத்துப் பார்த்த மற்ற எந்த இடத்தையும்விட இது எனக்குப் பிடித்திருந்தது, வயதான அப்பச்சியையும் ஆத்தாவையும், அதாவது அப்பாவையும் அம்மாவையும், கூட்டிக்கொண்டு போன எனக்கு எல்லா வகையிலும் நிறைவாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், போகப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் இடம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ஸ், அங்குள்ள தமிழர்கள் பூமலை என்பார்கள். இப்போது இருக்கிற இடத்தில் 1859இல் தொடங்கினார்கள். பரப்பு 82 ஹெக்டேர், அதாவது 200 ஏக்கர். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் உலகப் பாரம்பரியப் பட்டம் இதுதான். காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12 மணி வரை, வருடம் முழுவதும், நுழைவுக்கட்டணம் இல்லாமல். உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். சிங்கப்பூரில் காசில்லாமல் இவ்வளவு நல்ல இடம் கிடைப்பதை நினைத்து நீங்கள் நிச்சயம் ஆச்சரியப்படுவீர்கள், அந்த ஊரில் எதற்கெல்லாம் டாலர் எண்ணிக் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இலவசம் என்பதற்காக நான் சொல்லவில்லை. செட்டிநாட்டுக்காரர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. அது ரப்பர்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதில் முளைத்தது கொஞ்சம்தான். அப்படி முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன, அவற்றில் சிலவற்றை இந்தத் தோட்டத்தில் நட்டார்கள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காப்பியும் மிளகும் பயிர் செய்துகொண்டிருந்த தோட்ட முதலாளிகளுக்கு இந்த மரத்தை வைத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை. 1888இல் ஹென்றி ரிட்லி என்பவர் தோட்டத்துக்குத் தலைவராக வந்தார். மரத்தைக் கண்டபடி கொத்தினால் மரம் கெட்டுப்போகும், பால் வராது. ரிட்லி வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்து, பட்டையை மட்டும் மீன்முள் வடிவத்தில் மெல்லியதாகச் சீவினால் மரத்துக்கும் சேதமில்லை, பாலும் திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதோடு விடவில்லை மனிதர், சட்டைப்பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு பார்க்கிற முதலாளிகளிடமெல்லாம் இதை நடுங்கள், இதை நடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, மலேயாவே ரப்பர் காடாக மாறியது. ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து 1956இல்தான் இறந்தார், தான் சொன்னது பலித்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். ரப்பர் தோட்டம் போடவேண்டுமானால் காடு வெட்டவேண்டும், கன்று நடவேண்டும், அது பால் தருவதற்கு ஐந்தாறு வருடம் காத்திருக்கவேண்டும். அதுவரைக்கும் செலவுக்குப் பணம்? வெள்ளைக்கார வங்கிகள் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குக் கொடுத்தன. சின்னச் சின்னத் தோட்டம் போட்ட மலாய்க்காரர்களும் சீனர்களும் போய் நின்றது செட்டியார் கிட்டங்கியில், அதாவது அவர்கள் வட்டித்தொழில் நடத்திய கடையில். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வரிசையாக மேசைப்பெட்டியை வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் கண்டனூரிலிருந்தும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்டமுடியாமல் போன பல தோட்டங்கள் செட்டியார்கள் கைக்கே வந்து சேர்ந்தன. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம் என்று நம் ஜில்லாக்களிலிருந்து ஆள்பிடிக்கிற கங்காணி மூலமாகக் கப்பலேறிய ஏழைத் தமிழர்கள். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்க்கும்போது பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல் என்று சொல்லிக் காட்டுகிறோம், அதற்குப் பின்னால் மலேயாப் பால்மரமும் அதை வெட்டிய கைகளும் இருப்பதை யாரும் சொல்வதில்லை. நம் பகுதி வீடுகளைச் சுற்றிக்காட்டுகிற கைடுகள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

தோட்டத்துக்குள் ஹோல்ட்டம் ஹால் என்ற பழைய இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. இலவசம்தான். தோட்டத்தின் கதை முழுவதையும் அங்கே படமும் பொருளுமாக வைத்திருக்கிறார்கள். டூர் பஸ்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. அப்பச்சி ரப்பர் பற்றிய பகுதியில் நின்றவர் நகரவே இல்லை. "இந்த மரத்தை நம்பித்தானா தம்பி பாட்டையா கப்பலேறுனாக?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் மலேயாவின் ஈப்போ நகர விலாசம் எழுதிய தகரப்பெட்டி கிடக்கிறது, அதில் என்ன இருந்தது என்று அவர் இதுவரை சொன்னதே இல்லை, அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர் வெகு நேரம் பேசினார். உங்கள் வீட்டிலும் மலேயா போய்வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோவில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

சரி, எப்படிப் போவது.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் போவது சென்னை போவதைவிடச் சுலபம் என்றே சொல்லலாம், காரைக்குடியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம், அங்கிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரத்தில் சாங்கி. தங்குவது பெரும்பாலும் தேக்கா பக்கம்தான், அதாவது லிட்டில் இந்தியா, சிராங்கூன் ரோடு. அங்கேயே தங்குங்கள், தோட்டத்துக்குப் போக அதைவிட வசதி கிடையாது. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் டவுன்டவுன் லைன் ரயில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ், அதற்கு அடுத்தது பொட்டானிக் கார்டன்ஸ் ஸ்டேஷன். மூன்றாவது நிறுத்தம், அவ்வளவுதான். டூர் பஸ்ஸும் வேண்டாம், டாக்சியும் வேண்டாம். தட்டிப் பணம் கட்டுகிற வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டை இருந்தால் அதையே கேட்டில் வைத்துவிட்டு உள்ளே போகலாம், ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

ஆனால் போகும்போது அந்த ஸ்டேஷனில் இறங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். தோட்டம் தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். பொட்டானிக் கார்டன்ஸ் ஸ்டேஷன் வடக்கு முனையில், புக்கித் திமா வாசல் பக்கம். பழைய தோட்டம், அன்னக்குளம், பெரிய மரங்கள், அருங்காட்சியகம் எல்லாம் தெற்கே டாங்ளின் வாசல் பக்கம். வடக்கிலிருந்து நடக்க ஆரம்பித்தால் அருமையான பகுதிக்கு வந்து சேரும்போது வெயிலும் ஏறியிருக்கும் காலும் ஓய்ந்திருக்கும். அதனால் ஸ்டீவன்ஸில் இறங்கி தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் லைனுக்கு மாறி, அடுத்த நிறுத்தமான நேப்பியரில் இறங்குங்கள். இந்த ஸ்டேஷன் 2022 நவம்பரில்தான் திறந்தார்கள், அதனால் பழைய குறிப்புகளில் இந்த வழி இருக்காது. வெளியே வந்தால் டாங்ளின் வாசல் பக்கத்திலேயே. அங்கிருந்து வடக்கே நடந்து புக்கித் திமா வாசலில் வெளியேறினால் ஸ்டேஷன் எதிரிலேயே இருக்கிறது, நேராகத் தேக்காவுக்கு ரயில். ஒரு அடிகூடத் திரும்ப நடக்கவேண்டியதில்லை.

நடக்கவே முடியாத பெரியவர்கள் இருந்தால் டாக்சி பிடித்து நாசிம் வாசலுக்கு விடச் சொல்லுங்கள். அது தோட்டத்தின் நடுப்பகுதி, பார்வையாளர் மையம் அங்கேதான், ஆர்க்கிட் தோட்டமும் பக்கம். பாதைகள் சமமாகத்தான் இருக்கின்றன, உட்கார பெஞ்சுகள் நிறைய, கழிப்பறைகள் சுத்தம். குடிதண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன, பாட்டில் கொண்டுபோனால் நிரப்பிக்கொள்ளலாம், அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கலாம்.

நேரம் பற்றி ஒன்று. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதோடு வருடம் முழுவதும் பொழுது விடிவதே 7 மணிக்குத்தான். 5 மணிக்குத் திறக்கிறார்கள் என்று 5:30க்குப் போய் நின்றால் கும்மிருட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஓடுகிறவர்கள்தான் இருப்பார்கள். 7 மணிக்கு உள்ளே நுழைவது மிகச் சரி. அப்போது ஆரம்பித்தால் 9 மணி வரை சுகமாக நடக்கலாம். அதற்குப் பிறகு புழுக்கம். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள், நம் வெயில் காய்ந்த வெயில், அங்கே காற்றே ஈரமாக இருக்கும், கொஞ்ச தூரம் நடந்தாலே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மழையும் சொல்லிக்கொண்டு வராது, பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை நமக்கு மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கேயும் மழையைக் கொண்டுவருகிறது, அந்த மாதங்களில் போனால் குடை இல்லாமல் அறையைவிட்டு இறங்காதீர்கள். இடி இடித்தால் மரத்தடியில் நிற்கக்கூடாது, பக்கத்தில் இருக்கிற கூரைக்குள் போய்விடுங்கள்.

டாங்ளின் வாசலிலிருந்து உள்ளே வந்தால் முதலில் மனதை இழுப்பது அன்னக்குளம். 1866இல் வெட்டியது. கரையோரத்தில் பெரிய பெரிய மரங்கள், தண்ணீரில் வெள்ளை அன்னங்கள், அவ்வப்போது நீளமான உடும்பு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நீந்திப் போகும். குழந்தைகள் பயந்தால் ஒன்றும் செய்யாது என்று சொல்லித் தைரியம் கொடுங்கள், ஆனால் கிட்டே போகவேண்டாம், தீனியும் போடவேண்டாம். அந்தக் கரையில் நின்றபோது எனக்கு நம் ஊருணிகள்தான் நினைவுக்கு வந்தன. நம்மிடம் இல்லாத தண்ணீர் அமைப்பா அங்கே இருக்கிறது? வீட்டு வளவில் விழுகிற மழையைத் தெரு வழியாக ஊருணிக்குக் கொண்டுசேர்க்க முன்னோர்கள் வகை செய்திருந்தார்கள், நாலு பக்கமும் படித்துறை கட்டினார்கள். கரையில் நிழல் மரம் வைத்து, நாலு பெஞ்சு போட்டு, குப்பை கொட்டாமல் பார்த்துக்கொண்டால் ஊருக்கு ஒரு பூங்கா தயார், தனியாக நிலம் தேடவேண்டிய அவசியமே இல்லை. நகராட்சியில் இருக்கிற யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

குளத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினால் ஒரு புல்வெளியில் தெம்புசு மரம் ஒன்று வேலி போட்டுத் தனியாக நிற்கிறது. தோட்டம் வருவதற்கு முன்பே அங்கே நின்ற மரம், 150 வருடத்துக்கு மேல் வயது. தரையோடு ஒட்டினாற்போல ஒரு கிளை கிடைமட்டமாக நீண்டு போகும், பார்த்தால் நம்பவே முடியாது. சிங்கப்பூர் 5 டாலர் நோட்டின் பின்பக்கம் இருப்பது இந்த மரம்தான். பிள்ளைகள் கையில் ஒரு 5 டாலர் நோட்டைக் கொடுத்து மரத்தையும் நோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். ஒரு நாட்டுப் பணத்தில் ஒரு குறிப்பிட்ட மரத்தை, அதன் கிளையோடு அடையாளம் தெரியும்படி அச்சடித்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமா? பிள்ளையார்பட்டி போகிற வழியிலும் குன்றக்குடிப் பக்கமும் சாலை அகலமாக்க எத்தனை புளியமரங்கள் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அங்கிருந்து எட்டுப் பக்கம் கொண்ட வெள்ளை மண்டபம் ஒன்று மேட்டின் மேல் தெரியும், பாண்ட்ஸ்டாண்ட் என்பார்கள், 1930இல் கட்டியது. கல்யாணப் படம் எடுக்க வருகிற ஜோடிகள் அங்கே எப்போதும் இருப்பார்கள். பக்கத்தில் செடி வளர்க்கிற மனைக்கு இறங்குகிற செங்கல் படிகளைக் கவனியுங்கள், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பிடியில் இருந்த ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த செங்கல், சிலவற்றில் அவர்கள் போட்ட அம்புக்குறி இன்னும் தெரிகிறது. அந்த யுத்தத்தில் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு ஊருக்குக் கடிதம்கூடப் போடமுடியாமல் இருந்தவர்கள் கதை நம் பக்கத்து வீடுகளிலும் உண்டு, அதனால் அந்தப் படியில் கால் வைக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

இப்போது ஆர்க்கிட் தோட்டம். காலை 8:30 முதல் மாலை 7 வரை, கடைசி டிக்கெட் 6 மணிக்கு. வெளிநாட்டவருக்குப் பெரியவர் ஒருவருக்கு 15 டாலர், நம் பணத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வெகு குறைவு, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம், அதனால் வயதைக் காட்ட பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறும், போகுமுன் அவர்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொடுக்கிற காசுக்குத் தகுமா என்றால், தகும். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள், அதைப்போல இரண்டு மடங்கு கலப்பினங்கள். இவர்கள் 1928லிருந்தே கண்ணாடிக் குடுவைக்குள் விதை முளைக்கவைத்துப் புதுப்புது ஆர்க்கிட் உருவாக்குகிறார்கள், அந்த வேலையைத் தொடங்கியவர் அப்போதைய தலைவர் ஹோல்ட்டம், அருங்காட்சியகக் கட்டடத்துக்கு இருப்பது அவர் பெயர்தான். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அங்கே வரிசையாகப் பூத்திருக்கும், 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்ணின் தோட்டத்திலிருந்து வந்த பூ அது. நாட்டுத் தலைவர்கள் வந்தால் ஒரு புது ஆர்க்கிடுக்கு அவர்கள் பெயரை வைப்பது வழக்கம், நெல்சன் மண்டேலா, இளவரசி டயானா பெயரில் எல்லாம் பூ இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் உள்ளே மிக நன்றாக இருப்பது குளிர் மனை. மலைப்பகுதியில் வளர்கிற செடிகளுக்காக வெப்பத்தைக் குறைத்து, பனி படர்ந்தாற்போல ஈரம் விட்டு வைத்திருக்கிறார்கள். புழுக்கத்தில் நடந்து வந்த பிறகு உள்ளே நுழைந்தால் கொடைக்கானலில் இறங்கினாற்போல இருக்கும், ஆத்தா அங்கிருந்து வெளியே வர மனமில்லாமல்தான் வந்தார். 8:30க்கே நுழைந்துவிட்டால் டூர் பஸ்கள் வருமுன் பார்த்து முடிக்கலாம். பூவில் ஆர்வமே இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம், வெளியே இலவசமாகப் பார்ப்பதற்கே நாள் போதாது.

ஆர்க்கிட் தோட்டத்தை ஒட்டியே இஞ்சித் தோட்டம், இதற்கு டிக்கெட் கிடையாது. இஞ்சி, மஞ்சள், ஏலம், வாழை என்று அந்தச் சொந்தம் முழுவதையும் ஒரே இடத்தில் வளர்க்கிறார்கள். சமையல் தெரிந்தவர்களை இங்கே கூட்டிவந்தால் பேச்சு நிற்காது. ஆத்தா ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே, "இது நம்ம சித்தரத்தை மாதிரில்ல இருக்கு, பலகையில என்ன போட்ருக்கு பாரு தம்பி" என்று என்னைப் படிக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கிள்ளி முகர்ந்து பார்க்கக் கை வரும், கூடாது. ஒரு இலையைக்கூடப் பறிக்கக்கூடாது, அதைக் கூட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மழைக்காட்டுப் பகுதி ஒன்று இருக்கிறது, 6 ஹெக்டேர், தோட்டத்துக்கும் முந்திய இயற்கைக் காடு. நகரத்தின் நடுவில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பலகைப் பாதையில் நடந்தால் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம், கொசு கடிக்கும், மருந்து பூசிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் பனை வகைகளின் பள்ளத்தாக்கு, அப்புறம் இசைக்குளம். குளத்து நடுவில் மேடை, வார இறுதிகளில் சில நாள் இலவசக் கச்சேரி நடக்கும். இந்தப் புல்வெளிகளில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடத் தடையில்லை, அந்த ஊர்க்காரர்களே குடும்பமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் சாப்பாடு நமக்குப் பெரிய விஷயம். உள்ளே இருக்கிற உணவகங்கள் அழகானவை, விலை நம் கணக்குக்கு அதிகம், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தேர்வு குறைவு. தேக்காவில் காலையிலேயே இட்லியும் புளிச்சோறும் பார்சல் கட்டிக்கொண்டு கிளம்புங்கள், கூட ஊரிலிருந்து கொண்டுவந்த சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை. இசைக்குளம் பக்கத்துப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குப்பையை ஒரு பையில் கட்டித் தொட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அசைவம் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் புக்கித் திமா வாசலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் ஆடம் ரோடு உணவுச்சந்தை இருக்கிறது, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பேர்போன இடம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் வடக்குப் பகுதியில் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இலவசம். தண்ணீரில் விளையாட இடம் இருக்கிறது, மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். சிறுவர்கள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் தனியாக உள்ளே போகமுடியாது. திங்கட்கிழமை விடுமுறை, பிள்ளைகளிடம் ஆசை காட்டிவிட்டு அந்தக் கிழமையில் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

நிறையப் பேர் கேட்கிற கேள்வி, கார்டன்ஸ் பை தி பே பார்த்தால் போதாதா என்பது. அது 2012இல் கடலை மேடாக்கிய நிலத்தில் வந்த இன்னொரு தோட்டம், இரும்பு மரங்களில் ராத்திரி 7:45க்கும் 8:45க்கும் விளக்கும் இசையுமாகக் காட்டுவது பிரமாதம், அதை இலவசமாகவே பார்க்கலாம், பாருங்கள். கண்ணாடி மனைகளுக்குள் போகத்தான் பெரிய டிக்கெட். ராத்திரிக்கு அது, காலைக்கு இது, இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை. ஒன்றைத்தான் பார்க்கமுடியும் என்ற நிலை வந்தால், கூட வருகிறவர்கள் எல்லாரும் இளவட்டமாக இருந்தால் அதற்குப் போங்கள். வீட்டுப் பெரியவர்கள் வந்தால் பூமலைக்கு வாருங்கள்.

அதே நாள் மாலையில் டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். நகரத்தார், அதாவது நம் செட்டியார்கள் கட்டிய கோயில், அதுவும் 1859இல்தான். இந்தத் தோட்டம் தொடங்கிய அதே வருடம். கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஃபோர்ட் கேனிங் குன்றில்தான் 1822இல், ஆங்கிலேயர் குடியேற்றமாகச் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ், அந்த ஊரின் முதல் தாவரத்தோட்டத்தை வைத்தார், ஜாதிக்காயும் கிராம்பும் பயிராக்கிப் பார்ப்பதற்காக, அது சில வருடத்திலேயே மூடப்பட்டது. மதியம் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம் 5:30க்கு மேல் போனால் தரிசனம் முடித்துவிட்டு குன்றில் கொஞ்ச நேரம் உலாவலாம், ஃபோர்ட் கேனிங் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது.

ஏற்கெனவே பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டவர்கள் கவலைப்படவேண்டாம். அட்டவணையில் ஷாப்பிங் என்று அரை நாள் விட்டிருப்பார்கள் இல்லையா, அதைக் காலைப்பொழுதில் தரச்சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் குழுவை அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் தேக்காவிலிருந்து ரயில் ஏறுங்கள். முஸ்தபா நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கிற கடை, சாமான் வாங்குவதை ராத்திரி வைத்துக்கொள்ளலாம்.